பெருமாள்புரம் பக்கம் 5 சென்ட் மனை: சுயசான்றில் பிளான் பாஸ் ஆகுமா?

பேட்டைப்பையன்

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். பெருமாள்புரம் பக்கம், நெல்லை மாநகராட்சி எல்லைக்குள், அப்பா பெயரில் 5 சென்ட் காலிமனை இருக்கிறது. 2014இல் கிரயம் வாங்கியது. கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு, இரண்டும் சேர்த்து 2,600 சதுர அடிக்குள் கட்ட எண்ணம்.

கொத்தனார் சொல்கிறார்: "இப்போ சுயசான்று வந்துட்டு, ஆபீஸ் பக்கமே போக வேண்டாம், பணம் கட்டினா அன்னைக்கே பிளான் கையில." இது உண்மையா?

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. பட்டா இன்னும் அப்பா பெயருக்கு மாறவில்லை, விற்றவர் பெயரிலேயே நிற்கிறது. மனைப்பிரிவுக்கு அங்கீகார எண் எதுவும் பத்திரத்தில் இல்லை. போதாக்குறைக்கு டேப் வைத்துப் பார்த்தால் கிழமேல் 36 அடி வர வேண்டிய இடத்தில் முப்பத்தி நாலரைதான் வருகிறது. கிழக்கு வீட்டுக்காரர் காம்பவுண்டு நம் பக்கம் சாய்ந்தாற்போல் தெரிகிறது.

ஆடி கழிந்ததும் வாணம் (அஸ்திவாரம்) தோண்டலாம் என்று அம்மா நாள் பார்த்துவிட்டார்கள்.

நெல்லை_கட்டுமானம்

தம்பி, கொத்தனார் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுயசான்று முறை 2024 ஜூலையில் தொடங்கியது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும், உயரம் 7 மீட்டருக்குள் (இவை தொடக்கத்தில் வைத்த வரம்புகள், இன்றைய நிலையை இணையதளத்தில் பாருங்கள்) இருந்தால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. கூர்ந்தாய்வுக் கட்டணமும் கிடையாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம், அது உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். உங்கள் 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. அளவைப் பொறுத்தவரை நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள்.

மீதிப் பாதிக்கு வருவோம். "அன்றைக்கே கையில்" என்பதற்கு அர்த்தம் அலுவலகம் சரிபார்த்துவிட்டது என்பதல்ல. சரிபார்க்கும் பொறுப்பு உங்கள் தலைக்கும், கையெழுத்துப் போடும் பதிவு பெற்ற பொறியாளர் தலைக்கும் வந்துவிட்டது என்பதுதான். முன்பெல்லாம் பட்டா பெயர் வேறு, மனைக்கு அங்கீகாரம் இல்லை என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். எரிச்சலாக இருக்கும், ஆனால் அடித்தளம் போடும் முன்பே தெரிந்துவிடும். இப்போது திரும்பி வருவதில்லை. தவறான விவரம் கொடுத்தது பிறகு தெரிந்தால் அனுமதி ரத்து. அதற்குள் மேல்தளம் கான்கிரீட் போட்டிருப்பீர்கள்.

உங்கள் மூன்று பிரச்சினையில் பெரியது பட்டா அல்ல, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. 2016 அக்டோபர் 20க்கு முன் பத்திரம் பதிந்த, அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறை செய்ய, அதாவது முறைப்படுத்தத்தான் 2017இல் விதிகள் கொண்டுவந்தார்கள். உங்கள் கிரயம் 2014 என்பதால் அந்த வரம்புக்குள் வருகிறது. அதே மனைப்பிரிவில் யாராவது ஏற்கெனவே வரன்முறை வாங்கியிருக்கிறார்களா என்று பக்கத்து மனைக்காரர்களிடம் கேளுங்கள். மொத்த மனைப்பிரிவுக்கும் கட்டமைப்பு ஒப்புதல் வாங்கியிருந்தால் உங்கள் வேலை பாதி குறையும். விண்ணப்பிக்கும் காலக்கெடுவைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள், ஆகவே பழைய செய்தித்தாளை நம்பாமல் இணையதளத்தில் இன்றைய நிலையைப் பாருங்கள். வரன்முறை ஆணை கைக்கு வராமல் பிளான் பேச்சே எடுக்காதீர்கள்.

சும்மா_ஒரு_ஆள்

எல்லாரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்தாதீங்க வே. எங்கள் தெருவில் பத்து வீடு இருக்கிறது, ஒருத்தர்கூட பிளான் வாங்கவில்லை. வீட்டுத் தீர்வை (வரி) போட்டிருக்கிறார்கள், கரண்ட் வந்திருக்கிறது, தண்ணீர் வருகிறது. எவன் வந்து இடித்தான்?

வங்கிக்_கணக்கன்

தீர்வை ரசீது என்பது கட்டட அனுமதி ஆகாது அண்ணாச்சி. கட்டடம் இருக்கிறது, அதனால் வரி, அவ்வளவுதான். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. அனுமதியில்லாத கட்டடத்தை அகற்றச் சொல்லவும், நடக்கும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. எல்லோர் மேலும் பாய்வதில்லை என்பது உண்மை. பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் மனு போட்ட பிறகுதான் பாயும். இந்தத் தம்பிக்குக் கிழக்கு வீட்டுக்காரரோடு ஒன்றரை அடிச் சிக்கல் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா?

என் வேலையில் நான் பார்ப்பது வேறு விஷயம். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பிளானோடுதான் வருகிறார்கள். ஆனால் பிளானில் பட்டா எண் ஒன்று, பத்திரத்தில் சர்வே எண் வேறு. வங்கி வழக்கறிஞர் அதைப் பார்த்ததும் கோப்பு நின்றுவிடும். கடன் வாங்காமல் கட்டுகிறவர்களுக்கு இது இப்போது உறைக்காது. பிள்ளைகள் விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் கடன் போடுவாரே, அப்போது தெரியும்.

ஓய்வு_சர்வேயர்

வேலையை விட்டு வெகுகாலம் ஆயிற்று, இருந்தாலும் அந்த முப்பத்தி நாலரை அடி என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது.

தம்பி, பத்திரத்தில் கிழமேல் 36 அடி, தென்வடல் அறுபதரை அடி என்று இருக்கிறதா பாருங்கள். பெருக்கினால் சரியாக 2,178, அதாவது 5 சென்ட். எழுதியவர் 5 சென்டை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு அளவு கட்டியிருக்கிறார் என்பது என் ஊகம். அப்படி எழுதிய பத்திரங்கள் நம் பக்கம் ஏராளம். தரையில் இருப்பது முப்பத்தி நாலரைக்கு அறுபதரை என்றால் 2,087 சதுர அடி, 4.8 சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

இப்போது மூன்று தாளையும் வரிசையாக வையுங்கள். பத்திரம் சென்ட்டில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் பேசும். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். உங்கள் 5 சென்ட் அங்கே 2.02 ஏர்ஸ் என்று வர வேண்டும். மூன்றாவது புலப்படம், அதில் சர்வே எண்ணின் எல்லைக்கோடுகள் மீட்டரில் இருக்கும். நகர நில அளவை முடிந்த பகுதி என்றால் இதற்குப் பதிலாக நகர நில அளவைப் பதிவேட்டு நகல், அதில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று எல்லாமே வேறு எண்ணாக இருக்கும். பத்திரத்தில் பழைய சர்வே எண், பதிவேட்டில் புதிய எண் என்று இருந்தால் இரண்டையும் இணைக்கும் சான்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கர் சொன்ன கோப்பு நிற்கும் இடம் அதுதான்.

பிளான் எந்த அளவில் போட வேண்டும் என்று பொறியாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தரையில் உங்கள் சுவாதீனத்தில் எது இருக்கிறதோ, பத்திரம், பட்டா இரண்டையும் எது தாண்டவில்லையோ, அந்தக் குறைந்த அளவில் போடுங்கள். ஒன்றரை அடிக்கு உரிமை கோருவது தனி வேலை. அதற்கு எல்லையளக்கப் பணம் கட்டி, சர்வேயர் வந்து கல் நட்ட பிறகு பேசலாம். இல்லாத அடியைப் பிளானில் காட்டினால் பக்கவாட்டில் விட வேண்டிய இடம் காகிதத்தில் இருக்கும், தரையில் இருக்காது.

பட்டா மாறுதலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். விற்றவர் பட்டாவில் மொத்த நிலமும் ஒரே எண்ணில் இருந்து, அதில் ஒரு துண்டுதான் உங்களுடையது என்றால் உட்பிரிவு செய்தாக வேண்டும். அதற்கு அளவை உண்டு, உடனே ஆகாது. முழு எண்ணும் உங்களுடையது என்றால் வெறும் பெயர் மாற்றம், அது சீக்கிரம் நடக்கும். எது என்று இணையத்திலேயே பட்டாவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டாவில் 'நன்செய்' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் இருந்த வயல்கள்தான் அந்தப் பக்கம் நிறைய மனைகளாக ஆகியிருக்கின்றன.

நெல்லை_கட்டுமானம்

சர்வேயர் ஐயா சொன்ன கடைசி வரியோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டாவில் என்ன வகைப்பாடு என்பது வருவாய்த்துறைக் கணக்கு. முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் அந்த சர்வே எண் குடியிருப்பா, விவசாயமா என்பது நகர் ஊரமைப்புக் கணக்கு. இரண்டும் ஒன்றல்ல. வரைபடத்தில் விவசாய மண்டலம் என்று இருந்தால் நிலப்பயன் மாற்றம் வாங்க வேண்டும், சுயசான்று அதைத் தாண்டி உதவாது. திருநெல்வேலி உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் சர்வே எண் சொல்லிக் கேட்டால் எந்த மண்டலம் என்று தெரியும்.

தாமிரபரணிக்கரை

இடையில் ஒரு கேள்வி. எங்கள் வீடு சிந்துபூந்துறை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்டப் போகிறோம். பேஸ்மட்டத்தை, அதாவது வீட்டின் தரைமட்டத்தை, ஐந்து அடி தூக்கச் சொல்கிறார் அப்பா. சுயசான்றில் தரையும் மாடியும்தானே, ஏதாவது இடிக்குமா?

நெல்லை_கட்டுமானம்

இடிக்கும். இது நல்ல கேள்வி, வெள்ளத்துக்குப் பிறகு நம்மூரில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

7 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 23 அடி. இந்த உயரத்தை எண்ணுவது கட்டடத்தைச் சுற்றியுள்ள தரையிலிருந்து, வீட்டுக்குள் இருக்கும் தளத்திலிருந்து அல்ல. வழக்கமாகப் பேஸ்மட்டம் இரண்டு அடி, ஒவ்வொரு தளமும் பத்து அடி, இரண்டு கான்கிரீட் தளமும் ஆளுக்கு அரை அடி, மொத்தம் 23. ஒட்டி உரசி நிற்கும். நீங்கள் ஐந்து அடி தூக்கினால் 26 ஆகிவிடுகிறது. அந்த 7 மீட்டர் வரம்பில் மாடி வைத்த வீடு நுழையாது, வரம்பு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டு வழி இருக்கிறது. தளத்தின் உயரத்தை ஒன்பதாகக் குறைத்தாலும் 24 வரும், அதனால் பேஸ்மட்டத்திலும் ஒரு அடி விட்டுக்கொடுக்க வேண்டும். நம் வெயிலுக்கு ஒன்பது அடித் தளத்தை நான் விரும்பமாட்டேன். இன்னொன்று, சுயசான்றை விட்டுவிட்டு அதே இணையதளத்தில் வழக்கமான முறையில் விண்ணப்பிப்பது. தாமதமாகும், இடத்தை வந்து பார்ப்பார்கள், ஆனால் அப்பா கேட்ட ஐந்து அடி கிடைக்கும். உயரம் கூடினால் சுற்றிலும் விட வேண்டிய இடமும் கூடலாம், அதைப் பொறியாளரிடம் அட்டவணை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆற்றுக்கு, கால்வாய்க்கு, குளத்துக்கு ஒட்டிய மனை என்றால் நீர்வளத்துறைத் தடையின்மைச் சான்று கேட்பார்கள். கரையோரத்தில் இருந்துகொண்டு அதைத் தொந்தரவு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2023இல் கொக்கிரகுளத்திலும் வண்ணார்பேட்டையிலும் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பார்த்தவர்கள் நாம்.

டவுண்_ரதவீதி

எங்களுடையது டவுண். 14 அடி அகலம், 90 அடி நீளம், இரண்டு பக்கமும் பொதுச்சுவர். தாத்தா காலத்து மட்டப்பா (தட்டையான கூரை) வீடு. இடித்துக் கட்டினால் பக்கவாட்டில் இடம் விட வேண்டும் என்கிறார்கள். 14 அடியில் இரண்டு பக்கமும் விட்டால் நடுவில் ரயில் பெட்டிதான் வைக்கலாம்.

நெல்லை_கட்டுமானம்

உங்கள் தெரு முழுமைத் திட்டத்தில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று குறிக்கப்பட்டிருந்தால் பக்கவாட்டில் விட வேண்டியதில்லை. 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அதற்குத் தனி வரிசையே உண்டு, முன்புறம் ஒரு மீட்டர் விட்டால் போதும். மற்ற இடங்களில் குறுகிய தெருவுக்கே முன்புறம் ஒன்றரை மீட்டர், தெரு அகலமாக ஆக இதுவும் ஏறும். ஆனால் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் மட்டும் அது தொடர் கட்டடப் பகுதி ஆகிவிடாது. வரைபடத்தில் இருக்க வேண்டும்.

பொதுச்சுவரை ஒரு பக்கத்துக்காரர் மட்டும் முடிவெடுத்து இடிக்க முடியாது. அதன் மேல் பக்கத்து வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு உங்கள் இடத்துக்குள் தனித் தூண் எழுப்பிக் கட்டுவதுதான் நான் செய்வது. முக்கால் அடி போகும், பரவாயில்லை.

சும்மா_ஒரு_ஆள்

சரி, பிளான் வாங்கினதாகவே வைத்துக்கொள்வோம். எத்தனை பேர் பிளான் போலக் கட்டுகிறார்கள்? காகிதத்தில் முன்புறம் தோட்டம், தரையில் கார் ஷெட்டு. ஒரு அலுவலகத்தில் என் சொந்தக்காரரிடம் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியே அனுப்பினார்கள். 'பார்ப்பதற்கு' எவ்வளவு என்பதையும் சொன்னார்கள்.

வங்கிக்_கணக்கன்

அந்தக் குறைக்கு நான் மறுப்பு சொல்லப்போவதில்லை. கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. எல்லோரும் போவதில்லை என்பதும் தெரியும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சிறு வீடுகளுக்காவது இடம் பார்க்க வருகிற ஆளையே சுயசான்று எடுத்துவிட்டது. இனி காசு கேட்க ஒரு வாசல் குறைந்தது. அந்த வசதியை வைத்துக்கொண்டு நாமே போலி அளவு கொடுத்தால், வாசலைத் திரும்பத் திறந்துவிடுகிறவர்கள் நாம்தான்.

தோஹா_நெல்லை

நான் கத்தாரில் இருக்கிறேன், மனை என் பெயரில், இடம் சங்கர் நகர் பக்கம். மச்சான் பார்த்துக்கொள்வான். பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினால் போதுமா?

ஓய்வு_சர்வேயர்

தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அந்தத் தாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். பவரில் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கவும், உறுதிமொழி கொடுக்கவும், மின் இணைப்பு வாங்கவும் என்று தனித்தனியாக எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை வீணாகச் சேர்க்காதீர்கள், மச்சான் தங்கமானவராகவே இருக்கட்டும்.

முன்னீர்பள்ளத்தான்

ஊராட்சிப் பகுதிக்கும் இதே கதைதானா? எங்கள் பக்கம் தலைவர் கையெழுத்து வாங்கி ஒரு ரசீது கொடுத்தால் முடிந்தது என்றுதான் இதுவரை நடந்தது.

நெல்லை_கட்டுமானம்

ஊராட்சிக்கும் இப்போது ஒற்றைச் சாளரம்தான், 2019 விதிகள்தான். கட்டணம் மாநகராட்சியைவிடக் குறைவு. வெறும் தலைவர் கையெழுத்துத் தாளை வங்கி ஏற்காது.

பேட்டைப்பையன்

அண்ணாச்சிகளே, படித்ததும் இணையத்தில் பட்டாவை எடுத்துப் பார்த்தேன். முழு எண் இல்லை, கூட்டாகத்தான் இருக்கிறது. ஆக உட்பிரிவு. வகைப்பாடு புன்செய், அது ஒரு ஆறுதல். தெற்கு மனைக்காரர் 2019இலேயே வரன்முறை வாங்கிவிட்டாராம், ஆணையின் நகல் தருவதாகச் சொன்னார். மொத்த மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் ஆகியிருக்கிறதாம்.

செலவுக் கணக்கு போட வேண்டும். சதுர அடிக் கட்டணம் தவிர வேறு என்ன வரும்?

நெல்லை_கட்டுமானம்

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் இருக்கிறது என்றால் நல்ல சேதி. முதலில் மனை வரன்முறை, கூடவே பட்டா உட்பிரிவு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், காலிமனை வரி பாக்கி. 2014 முதல் கட்டாமல் விட்டிருந்தால் அது ஒரு தொகை ஆகியிருக்கும். அப்புறம் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி, மதிப்பீட்டில் ஒரு சதவீதம். 50 லட்ச ரூபாய் மதிப்பீடு என்றால் 50,000. முன்பு சொந்தக் குடியிருப்பு 10 லட்சத்துக்குள் என்றால் அந்தச் சட்டத்தில் விலக்கு இருந்தது, இப்போதைய வரம்பு என்ன, உங்கள் இரண்டு வீட்டுக்குப் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தை யாரும் திட்டாதீர்கள். சாரத்திலிருந்து விழுந்த சித்தாளுக்கு உதவித்தொகை போவது அதிலிருந்துதான்.

பாதாளச் சாக்கடை உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் இணைப்புக்கு வைப்புத்தொகை, வராவிட்டால் செப்டிக் டேங்கைப் பிளானில் காட்ட வேண்டும். மழைநீர் சேகரிப்பும் அப்படியே, 2003இலிருந்து கட்டாயம். பேருக்கு ஒரு குழாயை விடாமல் ஒழுங்காகக் கல், மணல் போட்ட குழி எடுங்கள், பெருமாள்புரம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு அது தேவை.

கட்டி முடித்ததும் வாங்கும் முடிவுச் சான்றிதழ் சுயசான்று வீட்டுக்குத் தேவையில்லை, மின் இணைப்பு அதற்காக நிற்காது. வேலை நடக்கும்போது தற்காலிக இணைப்பு எடுங்கள், பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்க வேண்டாம்.

கம்பத்துக்கடி

மின்சாரம் என்றதும் ஒன்று. மனை ஓரமாக 11 கேவி லைன் போகிறதா என்று மேலே அண்ணாந்து பாருங்கள். பக்கவாட்டில் 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலே போவதானால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். பிளானில் லைனை யாரும் வரைவதில்லை, அதனால் அனுமதி வந்துவிடும். மாடி பால்கனி எழும்பின பிறகு லைனை மாற்றச் சொல்லி மின்வாரியத்துக்கு நம்மிடம் வருவார்கள், அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில்.

பேட்டைப்பையன்

லைன் தெருவின் எதிர்ப்பக்கம், தப்பித்தேன். நாளையே தாலுகா ஆபீஸ் போகிறேன். அம்மாவிடம் ஆவணி இல்லை, தை என்று சொல்லியாகிவிட்டது, இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. கிழக்கு வீட்டுக்காரரிடம் இப்போதே சுவரைப் பற்றிப் பேசலாமா, இல்லை சர்வேயர் வந்து கல் நட்ட பிறகா? பட்டாவையும் பத்திரத்தையும் இங்கே போட்டோ எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வு_சர்வேயர்

போடாதீர்கள் தம்பி. பத்திர எண், அப்பா பெயர், சர்வே எண் எல்லாம் ஊருக்கே தெரிய வேண்டாம். அளவுகளை மட்டும் எழுதுங்கள், அது போதும்.

கிழக்கு வீட்டாரிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள், சண்டைக்கு அல்ல, "உட்பிரிவுக்கு அளக்க வருகிறார்கள், நீங்களும் கூட நில்லுங்கள்" என்று. அவர் இல்லாத நேரத்தில் நட்ட கல் ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போன கதை என்னிடம் நிறைய இருக்கிறது. அவர் பத்திரத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அவருக்கு ஒன்றரை அடி கூடுதலாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இல்லையென்றால், மேற்கு மனைக்காரரையும் கூப்பிட வேண்டியிருக்கும்.